மருதந்தோப்பில் காலிப் படுக்கைகள்

தேன்கரட்டுக் காட்டில் ஓடையை ஒட்டி ஒரு மருதந்தோப்பு இருந்தது. அந்தத் தோப்பில் மருதி என்ற மலையணில், அடிபட்ட விலங்குகளுக்கு வைத்தியம் பார்த்துவந்தது.

மருதிக்குத் துணையாக இரண்டு பேர். ஒன்று ஒச்சாண்டி என்ற கருமந்தி. கட்டுப்போடுவதில் அதன் விரல்களை மிஞ்ச ஆளில்லை. இன்னொன்று நாச்சி என்ற கீரி. எந்தப் புண்ணுக்கு எந்தத் தழை என்பது நாச்சிக்கு அத்துப்படி.

இந்த வேலை ஒரு கோடையில்தான் தொடங்கியது. அந்த வருஷம் காட்டில் தீ பிடித்தது. தீ அணைந்த மறுநாள், பாதங்கள் வெந்துபோன ஒரு முயல் ஒற்றையடிப் பாதையில் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். "ஐயோ பாவம்!" என்றார்கள். பிறகு முயலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மருதி மரக்கிளையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. 'மனசில்லாத ஜென்மங்கள்! ஒருவராவது தூக்குகிறார்களா பார்!' என்று கோபப்பட்டது. வெயில் உச்சிக்கு ஏறியது. முயல் முனகுவதும் நின்றுபோனது. அப்போதுதான் மருதிக்குச் சுரீரென்று உறைத்தது. 'காலையிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்!'

மலையணில்கள் லேசில் தரையில் கால் வைப்பதில்லை. மருதி அன்றைக்கு வைத்தது. கொதிக்கும் சாம்பலில் நடந்து போய் முயலின் காதைக் கவ்வி இழுத்தது. முயல் அசையவில்லை. பக்கத்து மரத்தில் ஒச்சாண்டி பழம் தின்றுகொண்டிருந்தது.

"என்ன வேடிக்கை? இறங்கி வா!" என்று மருதி கத்தியது.

ஒச்சாண்டி பழத்தைப் போட்டுவிட்டு இறங்கி வந்தது. இரண்டும் சேர்ந்து முயலைத் தோப்பு நிழலுக்குக் கொண்டுவந்தன. நாச்சி தழை பறித்துக் கொடுத்தது. இருபது நாளில் முயல் எழுந்து ஓடியது.

அந்தச் செய்தி காடெங்கும் பரவியது. அன்று முதல் தோப்புக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். இறக்கை முறிந்தவர்கள் வந்தார்கள். கொம்பு உடைந்தவர்கள் வந்தார்கள். முள்வேலியில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டாளிகள் தோளில் போட்டுத் தூக்கிவந்தார்கள். மருதியும் துணைவர்களும் சருகும் கோரைப்புல்லும் பரப்பிப் பதினோரு படுக்கைகள் அமைத்தார்கள்.

தோப்பில் இரண்டே இரண்டு விதிகள்தான். தோப்புக்குள் யாரும் யாரையும் வேட்டையாடக் கூடாது. குணமானவர் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும்.

இரண்டாவது விதி சிலருக்குப் பிடிக்கவில்லை. கால் சரியான ஒரு காட்டுப்பன்றி கெஞ்சிப் பார்த்தது.

"இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேனே, அக்கா! இங்கே கிழங்கு நன்றாக இருக்கிறது!"

"உன் கூட்டம் உன்னைத் தேடிக்கொண்டிருக்கும். கிளம்பு! இந்தப் படுக்கைக்கு நாளைக்கு யார் வருவார்களோ?" என்று மருதி விரட்டிவிட்டது.

ஆனால் பன்றி கிளம்பியதும் மருதி விறுவிறுவென்று மரத்தின் உச்சிக்கு ஏறியது. பன்றியின் முதுகு புல்லுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தது. யாரை அனுப்பிவைத்தாலும் மருதி இப்படித்தான் செய்யும். அந்த நேரத்தில் அதற்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். தேன்கரட்டில் தன்னைவிடப் பெரிய பிராணி கிடையாது என்றே தோன்றும்.

கொஞ்ச காலத்தில் மாணிக்கவண்ணன் என்ற மயில் தோப்புக்கு வந்து சேர்ந்தது.

"உங்கள் சேவையைக் கேள்விப்பட்டு வந்தேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் என் குரல் மூன்று குன்று தாண்டிக் கேட்கும். உங்கள் பெருமையை நான் ஊரறியச் செய்கிறேன்!" என்றது.

அது சொன்னபடியே செய்தது. பாறைமேல் ஏறி நின்று கூவியது. அந்தக் கூவலைக் கேட்டுத்தான் தூரத்துப் பள்ளத்தாக்கில் அடிபட்டுக் கிடந்தவர்களும் தோப்புக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதனால் மயில்மேல் எல்லாருக்கும் மரியாதை இருந்தது.

மயிலுக்கு ஒரே ஒரு பலவீனம். பார்க்க வருகிறவர்களைக் கூட்டிவந்து தோப்பைச் சுற்றிக் காட்டுவதில் அதற்கு அலாதி ஆசை. ஆகையால் தினமும் காலையில் வந்து ஒரே கேள்வியைக் கேட்கும்.

"இன்றைக்கு எத்தனை நோயாளிகள்?"

"நாலு பேர்."

"நாலுதானா? போன வாரம் ஒன்பது பேர் இருந்தார்களே!"

"ஐந்து பேர் குணமாகிப் போய்விட்டார்கள்" என்று மருதி சந்தோஷமாகச் சொல்லும்.

மயிலின் முகம் வாடிவிடும். "இன்றைக்குப் பார்த்துக் கொக்குக் கூட்டத்தை அழைத்திருக்கிறேன். வந்து எதைப் பார்ப்பார்கள்?"

"ஓடையில் மீன் பார்க்கட்டும்!" என்று நாச்சி சொல்லும். ஒச்சாண்டி சிரிக்கும். மயில் தோகையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படி இருக்கும்போது ஒரு கடுங்கோடை வந்தது. மேல்மலையில் இருந்த சுனைகள் ஒவ்வொன்றாக வற்றின. அங்கே மேய்ந்துகொண்டிருந்த யானைக் கூட்டம் தண்ணீர் தேடிக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. தோப்பு ஓடையில் ஓடிய தண்ணீர் அத்தனை பெரிய கூட்டத்துக்குப் போதாது; கீழே பெரிய ஏரியில்தான் தண்ணீர் இருந்தது. ஏரிக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று, மருதந்தோப்பின் நடுவாகப் போகும் சமதளம். மற்றொன்று, கரட்டுக் குன்றைச் சுற்றிப் போகும் பாறைவழி. பாறைவழியில் அரை நாள் கூடுதலாக நடக்க வேண்டும். பாறையோ நெருப்பாய்ச் சுடும்.

நாற்பது யானைகள் தினமும் தோப்பு வழியாகப் போய்வந்தால் என்ன மிஞ்சும்? படுக்கைகள் மிஞ்சாது. தழைச்செடிகள் மிஞ்சாது. நகர முடியாமல் படுத்திருப்பவர்கள் உயிரோடு இருப்பதே சந்தேகம்.

மயில் உடனே மேல்மலைக்குப் பறந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி அங்கம்மாவைப் பார்த்து மன்றாடியது. திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி நடந்ததைச் சொன்னது.

"தலைவி என்ன சொன்னாள் தெரியுமா? 'என் கூட்டத்தில் ஆறு குட்டிகள் இருக்கின்றன. அவற்றைச் சுடுபாறையில் நடத்திப் போக வேண்டுமென்றால் எனக்குத் தகுந்த காரணம் வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் நானே வந்து உங்கள் தோப்பைப் பார்க்கிறேன். பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன்' என்றாள்."

"நியாயமான பேச்சுதான். வந்து பார்க்கட்டும்" என்றது மருதி.

"என்னத்தைப் பார்க்கச் சொல்கிறாய்? தோப்பில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

மருதி படுக்கைகளைத் திரும்பிப் பார்த்தது. அந்த மாதம் நல்ல மாதம். வந்தவர்கள் எல்லாரும் தேறிவிட்டார்கள். கடைசிப் படுக்கையில் ஒரே ஒரு புள்ளிப்புறா மட்டும் இருந்தது. அதுவும் இறக்கை கூடி, தத்தித் தத்திப் பறந்து பழகிக்கொண்டிருந்தது.

"ஒன்று" என்றது மருதி.

"பத்துக் காலிப் படுக்கைகளைக் காட்டியா தோப்பைக் காப்பாற்றப் போகிறாய்? 'இந்த ஒரு புறாவுக்காகவா என் குட்டிகள் பாறையில் நடக்க வேண்டும்?' என்று தலைவி கேட்டால் என்ன பதில் சொல்வாய்?"

மருதி மறுபடியும் காலிப் படுக்கைகளைப் பார்த்தது.

மயில் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தியது. "நான் ஒரு வழி சொல்கிறேன். இங்கே குணமாகிப் போனவர்கள் காடு முழுக்க இருக்கிறார்கள். பத்துப் பேரைக் கூட்டிவருகிறேன். ஒரே ஒரு காலைப்பொழுது. கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் போதும்!"

"அது பொய்யல்லவா?"

"தோப்பு அழிந்த பிறகு உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?"

ஒச்சாண்டி தலையைச் சொறிந்தது. நாச்சி, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று முணுமுணுத்தது. மருதி ஓடைக்கரையில் போய் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தது. நாளைக்கு யாராவது கால் முறிந்து வந்தால் எங்கே போவார்கள்? மறுபடியும் பாதையில்தான் கிடப்பார்கள். எல்லாரும் சுற்றிக்கொண்டு போவார்கள். 

திரும்பி வந்து, "சரி, கூப்பிடு" என்றது. ஆனால் மயிலின் முகத்தைப் பார்க்காமலே சொன்னது.

பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்ததும் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். முதன்முதலில் குணமாகிப் போன முயல் வந்தது. காட்டுப்பன்றி வந்தது. ஒரு கடமான், ஓர் உடும்பு, இரண்டு காட்டுக்கோழிகள், இன்னும் நாலு பேர். "தோப்புக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறோம்!" என்றார்கள்.

மயில் ஒவ்வொருவருக்கும் இடம் காட்டிப் படுக்க வைத்தது. ஒச்சாண்டி எல்லார் காலிலும் இலைக்கட்டுப் போட்டது. அதன் விரல்கள் அன்றைக்குத் தடுமாறின.

"எனக்கு எந்தக் கால் வலிக்கிறது?" என்று முயல் கேட்டது.

"இடது கால்!" என்றது மயில்.

"கட்டு வலது காலில் இருக்கிறதே!"

"அப்படியானால் வலது கால்! பன்றியாரே, நீங்கள் ஏன் இவ்வளவு சத்தமாக முனகுகிறீர்கள்? பாறை இடிந்து விழுகிறதோ என்று தலைவி பயந்துவிடப் போகிறாள்!"

"மெதுவாக முனகிப் பழக்கமில்லை, ஐயா" என்றது பன்றி.

மருதி ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றது. எத்தனையோ பேருடைய அழுகிய புண்ணைத் தொட்டபோதெல்லாம் வராத அருவருப்பு அப்போது வந்தது. அதுவும் தன்மேலேயே வந்தது.

மரங்கள் அசைந்தன. அங்கம்மா வந்துவிட்டாள். தலைவியோடு ஒரு சின்னஞ்சிறு குட்டி மட்டும் வந்தது. குட்டி தாயின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தும்பிக்கையை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்தது.

"வாருங்கள் தாயே, வாருங்கள்!" மயில் தோகையை விரித்துக் குனிந்தது. "பாருங்கள், தோப்பு நிரம்பி வழிகிறது! இடமே இல்லை! இந்தச் சேவை மட்டும் இல்லையென்றால் இத்தனை உயிர்களின் கதி என்னவாகும்?"

அங்கம்மா மெல்ல நடந்தாள். ஒவ்வொரு படுக்கைக்கு முன்னும் நின்றாள். காட்டுக்கோழிகளைப் பார்த்தாள். உடும்பைப் பார்த்தாள்.  முயலிடம் வந்ததும் குனிந்தாள்.

"உனக்கு என்ன ஆயிற்று, அப்பா?"

"கால் உடைந்துவிட்டது, தாயே!"

"எந்தக் கால்?"

முயல் மயிலைப் பார்த்தது. மயில் வானத்தைப் பார்த்தது. முயல், "வந்து... வலிக்கிற கால்தான், தாயே" என்றது.

அங்கம்மாவின் காதுகள் ஒருமுறை அசைந்தன. தலைவி திரும்பி மருதியைப் பார்த்தாள். "நீதானே இங்கே வைத்தியம் பார்ப்பவள்? நீ ஒன்றும் சொல்லவில்லையே?"

மருதி வாயைத் திறந்தது. 

அந்த நேரத்தில் தோப்பின் எல்லையில் சருகுகள் சரசரத்தன. ஒரு பெண் நரி தள்ளாடித் தள்ளாடி வந்து தொப்பென்று விழுந்தது. அதன் கழுத்தில் பச்சை நைலான் கயிறு இறுகிக் கிடந்தது. காட்டோரத்தில் மனிதர்கள் பன்றிக்கு வைத்த சுருக்குக் கண்ணி அது. நரி எப்படியோ கயிறு கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆனால் இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகிவிட்டது. கழுத்து வீங்கிக் கயிறு தசைக்குள் புதைந்திருந்தது. நாக்கு வெளியே தள்ளி நீலம் பாரித்திருந்தது. மூச்சு கீச்சுக் கீச்சென்று வந்தது.

மயில் பாய்ந்து வந்து மருதியின் காதில் கிசுகிசுத்தது. "இப்போது போய் இவளா வர வேண்டும்! படுக்க வைக்க இடம் எங்கே இருக்கிறது? படுத்திருப்பவர்களை எழுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும்! ஒச்சாண்டியை விட்டுப் புதர்ப்பக்கம் இழுத்துப் போடச் சொல். தலைவி போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்!"

"அதற்குள் இவள் மூச்சு நின்றுவிடும்."

"ஒரு நரிக்காகத் தோப்பையே இழக்கப் போகிறாயா?"

மருதி நரியைப் பார்த்தது. பிறகு பதினோரு படுக்கைகளையும் பார்த்தது. முந்தைய நாள்வரை அவற்றில் பத்துப் படுக்கைகள் காலியாக இருந்தன. இன்றைக்கு ஓர் உயிர் வாசலில் வந்து விழுந்திருக்கிறது. இன்றைக்குப் பார்த்து இடமில்லை! மருதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எழுந்திருங்கள்!" என்று அது கத்திய கத்தலில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் பறந்தன. "எல்லாரும் எழுந்திருங்கள்! வேடமெல்லாம் போதும்! நிழல் படுக்கையைக் காலி செய்யுங்கள்! ஆள் வேண்டும்!"

ஒரு கண நேரம் தோப்பு ஸ்தம்பித்தது. மறுகணம் பத்துப் பேரும் துள்ளி எழுந்தார்கள். இலைக்கட்டுகள் நாலாபக்கமும் பறந்தன. கால் உடைந்ததாக நடித்த கடமான் ஒரே பாய்ச்சலில் போய் நரியைக் கொம்பில் ஏந்திக்கொண்டு வந்தது. கண் தெரியாததுபோலப் படுத்திருந்த உடும்பு படுக்கையின் சருகை நேராக்கியது. காட்டுக்கோழிகள் கழுத்துக்கு அடியில் வைக்கப் புல்லைக் கொத்திக்கொண்டு வந்தன.

"பின்னங்காலை யார் பிடிக்கிறது?" என்றது மருதி.

"நான்!" என்று பன்றி முகரையால் அழுத்திப் பிடித்துக்கொண்டது. "எனக்குத் தெரியும், அக்கா! முட்டிக்கு மேலே பிடிக்கணும். எனக்கும் அப்படித்தானே பிடித்தீர்கள்!"

நாச்சி தழையைத் தேடித் திரும்பியது. அதற்குள் முயல் வாய் நிறையத் தழையை மென்றுகொண்டு எதிரே நின்றது. நரியைப் பார்த்ததும் அது ஓரடி பின்வாங்கியது.

"இவளா? இவள் என்னை மூன்று தடவை துரத்தியிருக்கிறாள், அக்கா."

"இவள்தான்" என்றது மருதி.

முயல் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தது. பிறகு நேராக நரியின் முகத்தருகே போய் உட்கார்ந்து, மென்ற தழையைக் கழுத்துப் புண்ணில் அப்பியது. "இருபது நாள் எனக்குக் கட்டிய தழை. எது என்று எனக்குத் தெரியாதா?" என்றது.

ஒச்சாண்டி கயிற்றுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தது. நுழையவில்லை. "பல்லால்தான் கடித்து அறுக்க வேண்டும், மருதி. முடிச்சு தாடைக்குக் கீழே இருக்கிறது."

தாடைக்குக் கீழே என்றால் நரியின் வாய்க்கு நேர் கீழே. மருதி படுக்கையில் ஏறி நரியின் கழுத்தோடு ஒட்டிப் படுத்தது. நரியின் கோரைப்பற்கள் அதன் காதை உரசின.

"கடிக்காதே என்று சொல்லமாட்டேன். வலித்தால் கடித்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஆனால் தலையை மட்டும் ஆட்டாதே!" என்றது மருதி.

நரியால் பேச முடியவில்லை. கண்ணை மட்டும் சிமிட்டியது.

மருதி கயிற்றைக் கடித்தது. நைலான் வழுக்கியது. காய்ந்த ரத்தம் கயிற்றோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. நரி துடித்தது.

"தண்ணீர் வேண்டும்! நனைந்தால்தான் கயிறு விடும்!" மருதி தலையைத் தூக்கிப் பார்த்தது. எல்லார் கையும் வேலையில் இருந்தது. தண்ணீர் சுமக்கக்கூடியவர்களில் சும்மா நின்றது ஒரே ஒரு ஆள். "யானையம்மா! நின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்! தண்ணீர் கொண்டு வாருங்கள்! ஓடுங்கள்!"

மயில், "ஐயையோ!" என்று இறக்கையால் முகத்தை மூடிக்கொண்டது. நாற்பது யானைகளின் தலைவியை ஓர் அணில் அதட்டுவதா!

அங்கம்மா ஓடினாள். ஓடையில் தும்பிக்கை நிறைய உறிஞ்சிக்கொண்டு வந்தாள். "எங்கே விடட்டும்?" என்று கேட்டாள்.

"முடிச்சில். மெதுவாக. சொட்டுச் சொட்டாக!"

மரத்தையே முறிக்கும் அந்தத் தும்பிக்கை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. காய்ந்த ரத்தம் இளகியது. மருதியின் பற்கள் கயிற்றில் பதிந்தன. ஓர் இழை அறுந்தது. இன்னோர் இழை அறுந்தது. மருதியின் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அது நிறுத்தவில்லை. கடைசி இழை 'டப்'பென்று அறுந்ததும் ஒச்சாண்டி கயிற்றைச் சுண்டி எடுத்து வீசியது.

ஒருவரும் மூச்சுவிடவில்லை. நரியும் மூச்சுவிடவில்லை.

"இழு! மூச்சை இழு!" என்று முயல் நரியின் காதில் கத்தியது.

நரியின் விலா எலும்புகள் விம்மின. காற்று உள்ளே போகும் சத்தம் தோப்பு முழுவதும் கேட்டது. நாக்கின் நீலம் மெல்ல மறைந்து சிவப்பு திரும்பியது. பன்றி பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டது. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் தாங்கள் எங்கே நிற்கிறோம், யார் முன்னால் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. கடமான் நைசாகக் காலை நொண்டப் பார்த்தது.

"நொண்டாதே, தம்பி. வேலை முடிந்துவிட்டது" என்றாள் அங்கம்மா. பிறகு மருதியைப் பார்த்தாள். "இத்தனை நோயாளிகளும் ஒரே குரலுக்கு எழுந்துவிட்டார்களே! இப்படி ஒரு வைத்தியத்தை நான் பார்த்ததே இல்லை."

மருதி வாயைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றது.

"பொய் சொல்லிவிட்டோம், தாயே. நேற்று இங்கே ஒரே ஒரு நோயாளிதான். அதோ அந்தப் புறா. அவளும் நாளைக்குப் போய்விடுவாள். இவர்கள் எல்லாரும் எங்களிடம் குணமாகிப் போனவர்கள். காலிப் படுக்கையைப் பார்த்தால் நீங்கள் தோப்பை மதிக்கமாட்டீர்கள் என்று பயந்துவிட்டேன். மயில் யோசனை சொன்னது உண்மை. ஆனால் 'சரி' என்று சொன்னது நான். முடிவை நீங்கள் எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். இந்த நரி எழுந்து நடக்கும்வரை மட்டும் அவகாசம் கொடுங்கள். எட்டு நாள் போதும்."

அங்கம்மா நரியின் முகத்தருகே உட்கார்ந்திருந்த முயலைப் பார்த்தாள். பன்றியைப் பார்த்தாள். கடமானின் கொம்பில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"அவர்கள் படுத்திருந்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. 'பாவம், நொண்டிகளும் குருடர்களும் நிறைய இருக்கிறார்கள்' என்றுதான் நினைத்தேன். எழுந்து நின்றார்களே, அப்போதுதான் இந்தத் தோப்பு என்ன செய்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. நீ இதைத்தானே எனக்குக் காட்டியிருக்க வேண்டும்? இவர்களைப் படுக்க வைத்தா காட்டுவது?"

மருதி தலையைக் குனிந்துகொண்டது.

"பொய் சொன்னது தப்பு. அதை மறந்துவிடாதே. ஆனால் என் கூட்டம் பாறைவழியாகவே போகும்."

"தாயே! குட்டிகளின் கால் சுடுமே!"

"சுடட்டும். புண்ணானால் எங்கே கூட்டிவர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதே!"

தோப்பே சிரித்தது. மயில் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மூலையில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அங்கம்மா போனதும் அது மருதியிடம் வந்தது.

"நான் போகிறேன், மருதி. இனி இங்கே எனக்கு என்ன வேலை?"

"என்ன வேலையா? அந்தக் கண்ணியைப் போல் இன்னும் எத்தனை கண்ணிகள் காட்டோரத்தில் இருக்கின்றனவோ! போய்ப் பார். கண்ணி இருக்கிற இடத்தில் நின்று கூவு. மூன்று குன்று தாண்டிக் கேட்கும் குரல் எனக்கா இருக்கிறது, உனக்குத்தானே இருக்கிறது!"

மயில் சுருட்டிய தோகையை உதறிக்கொண்டது. பிறகு பறந்து போனது. சாயங்காலத்துக்குள் அதன் கூவல் நான்கு இடங்களிலிருந்து கேட்டது. அந்த நான்கு இடங்களையும் விலங்குகள் ஒதுக்கிவிட்டு நடந்தன. ஒச்சாண்டி போய்ச் சுருக்குகளைக் கழற்றிக் கொண்டுவந்தது.

அடுத்த வாரம் யானைக் கூட்டம் மேல்மலையிலிருந்து இறங்கியது. காடே கூடி நின்று பார்த்தது. நாற்பது யானைகளும் வரிசையாக வந்தன. மருதந்தோப்பின் நிழலும் ஓடையின் ஈரமும் கண்ணெதிரே தெரிந்தன. முன்னால் வந்த அங்கம்மா நிற்கவே இல்லை. தோப்புக்கு முன்னால் சட்டென்று வலப்பக்கம் திரும்பிச் சுடுபாறையில் கால் வைத்தாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லா யானைகளும் திரும்பின. ஆறு குட்டிகளும் காலை மாற்றி மாற்றித் தூக்கிவைத்து, தாய்மார்களின் நிழலிலேயே நடந்து போயின.

ஒரு முயலைத் தூக்க ஆளில்லாமல் இருந்த காட்டில், ஒரு தோப்புக்காக நாற்பது யானைகள் வழி மாறிப் போவதை மருதி மர உச்சியிலிருந்து பார்த்தது. அதன் நெஞ்சு விம்மியது. ஆனால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. கீழேயிருந்து நாச்சியின் குரல் வந்தது.

"மருதி! இரண்டு ஆமைகள் வந்திருக்கின்றன! சீக்கிரம் இறங்கி வா!"

துன்பப்பட்டவர்களைத் தேற்றும் இடத்துக்கு அங்கிருந்து குணமாகி எழுந்து போனவர்களே பெருமை. அந்தப் பெருமையைக் காட்ட எந்த வேடமும் வேண்டியதில்லை.